எல்லா செட்டிலும் ஒரு ‘கிரேஸி’ உண்டு!

உங்கள் செல்போனை எடுத்து, பெயர்ப் பட்டியலை மேலிருந்து கீழாக ஒரு ஓட்டு ஓட்டுங்கள். ‘பிளம்பர்’, ‘பெரியப்பா’, ‘பேங்க் மேனேஜர்’ என்று மரியாதையாக வந்துகொண்டிருக்கிற வரிசையில் திடீரென்று ‘மண்டை’ என்று ஒரு பெயர் வரும். இல்லாவிட்டால் ‘ஆம்லெட்’. அதுவும் இல்லாவிட்டால் ‘கொள்ளுத் தாத்தா’!

சந்தேகமே வேண்டாம். உங்கள் காலேஜ் செட்!

அந்த ‘மண்டை’க்கும் அப்பா, அம்மா, ஜோசியர் எல்லோரும் கூடி யோசித்து வைத்த பெயர் ஒன்று உண்டு. அது யாருக்கு ஞாபகம் இருக்கிறது? அவனுடைய கல்யாணப் பத்திரிகை வந்தபோது, ‘யார்றா இந்த வேங்கடசுப்பிரமணியன்? தப்பா நம்ம வீட்ல போட்டுட்டுப் போயிட்டானே போஸ்ட்மேன்!’ என்று அடுத்த வீட்டில் கொடுக்கப் போயிருப்பீர்கள்.

எல்லா செட்டிலும் இப்படி ஒருத்தன் இருப்பான். நாலு பேர் ஒரு பக்கமாக யோசித்தால் அவன் மட்டும் கூரை மேல் ஏறி யோசிப்பான். வெயிலில் குடை எடுத்துக்கொண்டு வருவான். மழையில் வெறுங்கையோடு வருவான். கேட்டால், “மழையில எடுத்துட்டு வந்தா குடை நனைஞ்சிடாதா?” என்பான். திட்ட வருகிற புரொபஸரே திரும்பி நின்று சிரித்துவிட்டு, பிறகு திரும்பித் திட்டுவார்.

சரி. டிகிரி முடிந்து, வேலை கிடைத்து, இன்சூரன்ஸ் பாலிசி எடுத்து, இ.எம்.ஐ. கட்ட ஆரம்பித்த பிறகு அந்தக் கிறுக்குத்தனம் என்ன ஆகிறது? எங்கே போகிறது?

பெரும்பாலும் ஆபீஸ் வாசலில் செருப்போடு கழட்டி விடப்படுகிறது. சாயங்காலம் வரும்போது செருப்பு இருக்கும். அது இருக்காது!

ஆனால், கழட்டி விடாமல் கடைசிவரை அதைப் போட்டுக்கொண்டே நடந்த ஒருத்தர் நம்ம மயிலாப்பூர் பக்கம் இருந்தார். பெயர் மோகன். இனிஷியல் மாதிரி முன்னால் ஒட்டிக்கொண்டது... ‘கிரேஸி’!

பிரேக் கம்பெனியில் பிரேக் இல்லாதவர்

கிண்டி இன்ஜினீயரிங் காலேஜ் சாதாரண இடமில்லை. 1794-ல் சர்வே ஸ்கூலாகப் பிறந்தது. அடையாறு பக்கத்தில் அந்தச் சிவப்புக் கட்டடத்தைத் தாண்டிப் போகும்போது நம்மைப் போன்ற காமர்ஸ் ஆசாமிகளுக்குக் கொஞ்சம் முதுகு வளையும். அணை கட்டுவது, பாலம் கட்டுவது என்று பையன்கள் சீரியஸாகப் படிக்கிற அந்த இடத்தில், 1972-ல் மெக்கானிக்கல் படித்த ஒரு மாணவர் ஒரு காரியம் செய்தார். பேங்க்கைக் கொள்ளையடித்தார்!

பதறாதீர்கள். மேடையில்தான். ‘தி கிரேட் பேங்க் ராபரி’ என்பது அவர் எழுதிய முதல் நாடகம். காலேஜ் போட்டிக்காக எழுதியது. எழுதியதற்கும் நடித்ததற்கும் பரிசு கிடைத்தது. பரிசைக் கொடுக்க வந்த விருந்தாளி யார் தெரியுமா? கமல்ஹாசன். பரிசு வாங்கியவரைவிடக் கொடுத்தவர் வயசில் சின்னவர். கமலுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. இந்த இரண்டு பேரும் ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தில் கைகோத்தது 1989-ல். நடுவில் 17 வருஷம்! நாமெல்லாம் ஒரு மெசேஜுக்கு 17 நிமிஷம் பதில் வராவிட்டால் நட்பையே முறித்துக்கொள்கிற ஜாதி.

படிப்பு முடிந்ததும் மோகன் என்ன செய்தார்? நாம் எல்லோரும் செய்கிறதைத்தான் செய்தார். வேலைக்குப் போனார். சுந்தரம் கிளேட்டன் கம்பெனி. லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஏர் பிரேக் தயாரித்த கம்பெனி. வேடிக்கையைப் பாருங்கள்... பகலெல்லாம் பிரேக் செய்கிற இடத்தில் உத்தியோகம். சாயங்காலம் எழுத உட்கார்ந்தால் வசனத்துக்கு பிரேக்கே கிடையாது!

1976-ல் எஸ்.வி.சேகரின் ‘நாடகப்பிரியா’ குழுவுக்காக அவர் ஒரு நாடகம் எழுதினார். ‘கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’. அப்போதெல்லாம் பாலவாக்கம் என்றால் திருவான்மியூருக்கு அந்தப் பக்கம், சவுக்குத் தோப்பும் கடற்காற்றும். அந்த ஊருக்குப் போன திருடர்கள் எதைத் திருடினார்களோ தெரியாது. எழுதியவருக்கு மட்டும் ஒரு பட்டத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். நாடகத்தின் தலைப்பில் இருந்த முதல் வார்த்தை பிய்ந்து வந்து, ஆள் மேல் ஒட்டிக்கொண்டது. பி.இ. பின்னால் நின்றது, கிரேஸி முன்னால் வந்தது!

பகலில் ஆபீஸ், ராத்திரி வேஷம்

இந்தப் பட்டப்பெயர் சமாசாரம் சென்னை மேடையில் ஒரு பரம்பரை வியாதி.

சட்டம் படித்த ராமசாமிக்கு ‘சோ’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது? ‘தேன்மொழியாள்’ நாடகத்தில் அவர் போட்ட பாத்திரத்தின் பெயர். ராமமூர்த்திக்கு ‘காத்தாடி’ எப்படி வந்தது? சோ எழுதிய ‘இஃப் ஐ கெட் இட்’ நாடகத்தில் வந்த பாத்திரம். சுந்தரராஜன் பட்டாளத்தில் சேராமலே ‘மேஜர்’ ஆனது, கே.பாலசந்தரின் ‘மேஜர் சந்திரகாந்த்’ நாடகத்தால். சோவும் காத்தாடியும் இருந்த ‘விவேகா ஃபைன் ஆர்ட்ஸ்’ குழுவின் பெயரைக் கவனியுங்கள். மயிலாப்பூர் விவேகானந்தா காலேஜின் பழைய மாணவர்கள் சேர்ந்து, காலேஜ் பெயரிலேயே பாதியைக் கிழித்து எடுத்து வைத்துக்கொண்ட பெயர்.

அதாவது, படிப்பு முடிந்த பிறகும் கலையாத ஒரு காலேஜ் செட்!

இன்னும் பின்னால் போனால் இதற்குத் தாத்தாவே இருக்கிறார். பம்மல் சம்பந்த முதலியார். 1891-ல், தன் பதினெட்டாவது வயதில், நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ‘சுகுண விலாச சபா’வை ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் ‘நாடகக்காரன்’ என்றால் பெண் கொடுக்க மாட்டார்கள். வாடகைக்கு வீடும் கொடுக்க மாட்டார்கள். இவரோ வக்கீலுக்குப் படித்து, வக்கீலாகி, பிறகு ஸ்மால் காஸ் கோர்ட்டில் ஜட்ஜாகவும் ஆனார். பகலில் தீர்ப்பு, ராத்திரி திருப்பு! வேலையில் இருக்கிற படித்த மனிதன் சாயங்காலம் அரிதாரம் பூசினால் கௌரவம் குறையாது என்று காட்டியவர் அவர். பிற்பாடு ஏஜிஸ் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்துகொண்டே பாலசந்தர் நாடகம் போட்டதும், ரயில்வே வேலையில் இருந்துகொண்டே நாகேஷ் மேடை ஏறியதும் அந்தப் பாதையில்தான்.

2002-ல் மோகன் வசனம் எழுதிய ஒரு படத்துக்கு ‘பம்மல் கே.சம்பந்தம்’ என்று பெயர். தாத்தாவுக்குப் பேரன் போட்ட கும்பிடு!

இத்தனையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், இவர்கள் யாரும் ‘வேலையை விட்டுட்டு என் கனவைத் துரத்தப் போறேன்’ என்று முதல் நாளே ராஜினாமாவை மேஜையில் வீசியவர்கள் இல்லை. காலையில் பஸ் பிடித்தார்கள். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். சாயங்காலம் ரிகர்சலுக்கு ஓடினார்கள். மோகன்கூட வருஷக்கணக்கில் வேலை பார்த்துக்கொண்டே எழுதிவிட்டு, பிறகுதான் முழுநேர எழுத்துக்கு வந்தார். ஆக, ‘ஆபீஸ் என் திறமையைக் கொன்னுடுச்சு சார்’ என்று கேன்டீனில் புலம்புகிற நண்பர்களே... ஆபீஸ் ஒருத்தரையும் கொல்வதில்லை. ஆறு மணிக்குப் பிறகு போகிறதுக்கு ஒரு இடமும், அங்கே காத்திருக்கிற நாலு பேரும் இல்லாததுதான் கொல்கிறது.

மோகனுக்கு அந்த நாலு பேர் இருந்தார்கள். 1979-ல் ‘கிரேஸி கிரியேஷன்ஸ்’ பிறந்தது. தம்பி பாலாஜிதான் கதாநாயகன். நாடகத்துக்கு நாடகம் அவர் பெயர் மாது. கொஞ்ச நாளில் ஊரே அவரை ‘மாது பாலாஜி’ என்று கூப்பிட ஆரம்பித்தது. கூடவே வருகிற சீனு பாத்திரத்தில் நடித்த இன்னொரு மோகன், ‘சீனு மோகன்’ ஆனார். அண்ணன் எழுதுவார், தம்பி பேசுவார், நண்பர்கள் கூட நிற்பார்கள். சனி, ஞாயிறு வந்தால் மயிலாப்பூரிலோ தி.நகரிலோ ஏதாவது ஒரு சபாவில் சிரிப்புச் சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும்.

‘மேரேஜ் மேட் இன் சலூன்’ என்ற நாடகத்தை 1983-ல் பாலசந்தரே ‘பொய்க்கால் குதிரை’ என்று படமாக எடுத்தார். கவிஞர் வாலி அதில் நடித்தார். நடிகர் சார்லி சினிமாவுக்கு வந்ததும் அந்தப் படத்தில்தான். ஒரு மெக்கானிக்கல் இன்ஜினீயரின் சலூன் கடைக் கல்யாணம் எத்தனை பேருக்கு வாழ்க்கை கொடுத்திருக்கிறது பாருங்கள்!

சொன்னதைச் சொன்னபடி...

மோகனுடைய நகைச்சுவையின் மெக்கானிசம் என்ன?

ரொம்ப சிம்பிள். நாம் தினமும் ஆயிரம் வார்த்தை பேசுகிறோம். ஒன்றையாவது அதன் நேர் அர்த்தத்தில் சொல்கிறோமா? ‘தலை சுத்துது’ என்கிறோம். தலை எங்கே சுற்றுகிறது? ‘உயிரை வாங்காதே’ என்கிறோம். யார் விற்றார்கள்? இதை எல்லாம் அப்படியே நேர் அர்த்தத்தில் எடுத்துக்கொள்கிற ஒரு ஆசாமியை நடுவில் விட்டால் போதும். வீடே ரணகளம்! பம்மலார் எழுதிய ‘சபாபதி’ நாடகத்து வேலைக்காரன் இந்த வம்சத்துக்கு மூதாதை. 1941-ல் அது படமாக வந்தபோது காளி என்.ரத்னம் அந்த வேலைக்காரனாக வந்து ஊரையே உருட்டினார்.

மோகன் அந்த ஒற்றை வேலைக்காரனை எடுத்து ஒரு குடும்பமாகப் பெருக்கினார். அவர் எழுதியதில் முதலாளியும் அப்படித்தான், மாமனாரும் அப்படித்தான், போலீஸ்காரரும் அப்படித்தான். ஒருத்தர் சொல்வதை இன்னொருத்தர் தப்பாகப் புரிந்துகொள்வார். அதை மூன்றாமவர் இன்னும் தப்பாகப் புரிந்துகொள்வார். நாம் முதல் ஜோக்குக்குச் சிரித்து முடிப்பதற்குள் மூன்றாவது ஜோக் தாண்டிப் போயிருக்கும். அதனால்தான் ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990), ‘அவ்வை சண்முகி’ (1996), ‘தெனாலி’ (2000) எல்லாவற்றையும் டி.வி.யில் இருபதாவது தடவையாகப் பார்க்கும்போதும் புதுசாக ஒன்று அகப்படுகிறது.

கொச்சை கிடையாது. ஒருத்தனின் நிறத்தைக் கிண்டலடித்துப் பிழைப்பது அவர் வழியில்லை. வார்த்தைதான் அடி வாங்கும், மனுஷன் அடி வாங்க மாட்டான். பாட்டியையும் பேத்தியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நெளியாமல் சிரிக்கலாம்.

இன்னொரு கிறுக்கும் உண்டு. அவர் கதாநாயகிகளின் பெயர் ஜானகி. நாடகமா? ஜானகி. ‘அவ்வை சண்முகி’யில் மீனா? ஜானகி. ‘தெனாலி’யில் ஜோதிகா? ஜானகி. ‘பம்மல் கே.சம்பந்தம்’ படத்தில் சிம்ரன்? அட, ஜானகிதான் சார்! காதல் தோல்வி என்று கற்பனை பண்ண வேண்டாம். ஸ்கூலில் தன்னை முதலில் மேடை ஏற்றிய டீச்சரின் பெயர் அது. நாமெல்லாம் ஸ்கூல் டீச்சரை ஆசிரியர் தினத்தன்று ஒரு ஸ்மைலியோடு முடித்துவிடுகிறோம். இந்த மனுஷர் ஒரு குருதட்சிணையை ஆயுசு முழுக்கத் தவணையில் கட்டிக்கொண்டே இருந்தார்!

எங்கள் செட் ‘சஸ்பென்ஸ்’

எங்கள் பி.காம். செட்டிலும் ஒரு கிரேஸி உண்டு. நிஜப் பெயர் வேண்டாம். பட்டப்பெயர் ‘சஸ்பென்ஸ்’.

காமர்ஸ் படிக்காதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். டிரையல் பேலன்ஸ் போடும்போது டெபிட்டும் கிரெடிட்டும் டாலி ஆகாவிட்டால், எங்கே உதைக்கிறது என்று கண்டுபிடிக்கிற வரைக்கும் அந்த வித்தியாசத் தொகையை ‘சஸ்பென்ஸ் அக்கவுண்ட்’ என்று ஒரு தலைப்பில் ஒதுக்கி வைப்பார்கள். தற்காலிக ஏற்பாடு. நம்ம ஆளுக்கு அதுவே நிரந்தர ஏற்பாடு! எந்தக் கணக்குக் கொடுத்தாலும் நாலு வரி எழுதிவிட்டு, மிச்சத்தை சஸ்பென்ஸில் போட்டுவிட்டு பேப்பரை மடித்துக் கொடுத்துவிடுவான்.

கணக்கோடு விட்டானா? மெஸ்ஸில் சாப்பிட்டது ஐந்து இட்லியா, ஆறு இட்லியா என்று தகராறு வந்தால், “அந்த ஒரு இட்லியை சஸ்பென்ஸ்ல போடுங்க மாமா” என்பான். லஸ் கார்னர் பஸ் ஸ்டாப்பில் தினமும் 12பி-க்கு நிற்கிற பெண் ஒருநாள் இவன் பக்கம் திரும்பினாள். “என்னடா, சிரிச்சாளா, முறைச்சாளா?” என்று கேட்டோம். “தெரியலை மச்சான். சஸ்பென்ஸ்ல போட்டிருக்கேன்” என்றான். பரீட்சை ஹாலில் சூபர்வைசர் வந்து, “ஏம்ப்பா, அரை மணி ஆச்சு, பேப்பர் காலியா இருக்கு?” என்றார். எழுந்து நின்று பணிவாகச் சொன்னான்: “ஓப்பனிங் பேலன்ஸ் நில் சார்!”

எங்களை கிரேஸி மோகன் நாடகத்துக்கு இழுத்துக்கொண்டு போனவனும் அவன்தான். தி.நகர் வாணி மஹால். ‘சாக்லேட் கிருஷ்ணா’. கஷ்டத்தில் மாட்டிக்கொண்டு முழிக்கிற மாதுவுக்கு உதவி செய்ய, சாட்சாத் கிருஷ்ண பரமாத்மாவே வந்து இறங்குவார். கிருஷ்ணராக வந்தவர் மோகனே. கிரீடம், மயில்பீலி, கொஞ்சம் தொந்தி. பகவான் வாயைத் திறந்தால் கடி! எங்கள் ஐந்து பேருக்கும் வயிறு வலித்தது. வெளியே வந்து ஜி.என்.செட்டி ரோட்டில் டீ குடிக்கும்போது சஸ்பென்ஸ் ஒன்று சொன்னான்:

“கவனிச்சீங்களாடா? கிருஷ்ணரும் குசேலரும் சாந்தீபனி காலேஜ்ல ஒரே பேட்ச். குசேலர் அவலை முடிஞ்சு எடுத்துட்டு வந்தாரே தவிர, ‘கடன் குடு’ன்னு வாயைத் திறந்தாரா? கேக்கலை. கேக்காமலே புரிஞ்சுக்கிட்டான் பாரு அவன்... அவன்தான்டா ஃப்ரெண்டு!”

நாங்கள் வழக்கம்போல அதையும் கடி என்றே எடுத்துக்கொண்டு டீயை முடித்தோம்.

வருஷம் போனது. எல்லோருக்கும் வேலை. ஒருத்தன் அடையாறு, ஒருத்தன் வேளச்சேரி, ஒருத்தன் துபாய். ‘பி.காம். பாய்ஸ்’ என்று ஒரு வாட்ஸ்அப் குரூப். அதில் காலையில் குட்மார்னிங் பூ, ராத்திரி சஸ்பென்ஸின் கடி. இது மட்டும் தவறாமல் நடந்தது.

2020. ஊரே பூட்டிக் கிடந்த வருஷம். ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு அவனிடமிருந்து மெசேஜ்: ‘இன்னிக்கு ஆபீஸ்ல என்னை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டுக்கு மாத்திட்டாங்க. டாலி ஆனா கூப்பிடறாங்களாம்.’

வேறு யாராவது படித்திருந்தால் விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மையைத் தட்டிவிட்டிருப்பார்கள். எங்கள் குரூப்பில் ஒரு பொம்மைகூட வரவில்லை. ஒரு நிமிஷம் யாரும் எதுவும் எழுதவில்லை. பிறகு துபாய்க்காரன்தான் முதலில் எழுதினான்: ‘வாடகை எவ்வளவு?’

அவ்வளவுதான். ‘என்னாச்சு, ஏன் ஆச்சு, நான் அப்பவே சொன்னேனே’ எதுவும் கிடையாது. கல்யாணமாகி, கைக்குழந்தையோடு இருக்கிறவனுக்கு வேலை போய்விட்டது. அதை ‘வேலை போயிடுச்சுடா’ என்று நேராகச் சொல்ல அவனுக்கு வராது. அவனுக்குத் தெரிந்த பாஷை அது ஒன்றுதான். அந்த பாஷை தெரிந்தவர்கள் உலகத்திலேயே நாலு பேர்தான். அந்த நாலு பேரும் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு நாலு மாத வாடகை போயிற்று. ஐந்தாவது மாதம் தி.நகரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் அவனுக்கு வேலை கிடைத்தது. (ஆடிட்டருக்கு அவன் பட்டப்பெயரை நாங்கள் சொல்லவில்லை!)

கடனை மாதாமாதம் திருப்பிக் கொடுத்தான். கடைசித் தவணை வந்தபோது பார்த்தால் நாலு பேருக்குமே ஒரு ரூபாய் குறைகிறது. போன் போட்டோம்.

“டேய், ஒரு ரூபா உதைக்குதேடா?”

“உதைக்கட்டும் மச்சான். அதை சஸ்பென்ஸ்ல போடு. டாலி பண்ணி மூடிட்டா, அப்புறம் நீ யாரு, நான் யாரு?”

இன்றுவரைக்கும் அந்த ஒரு ரூபாய் வரவில்லை. வரக்கூடாது என்றுதான் நாலு பேரும் வேண்டிக்கொண்டிருக்கிறோம்.

அஞ்சு பேர், ஒரு போன்

இப்போது யோசித்தால் ஒரு விஷயம் பிடிபடுகிறது. கிறுக்குத்தனம் தனியாக நின்றால் அதற்குப் பெயர் வெறும் கிறுக்கு. அதைக் கேட்டுச் சிரிக்கிற நாலு பேர் சேர்ந்தால்தான் அது கலை!

மோகன் எழுதிய படங்களில் நம்ம வயசுப் பையன்கள் வரிவரியாக மனப்பாடமாக வைத்திருப்பது ‘பஞ்சதந்திரம்’ (2002). அதில் என்ன இருக்கிறது? ஐந்து நண்பர்கள். ஒரு மலையாளி, ஒரு கன்னடக்காரர், ஒரு தெலுங்குக்காரர், ஒரு ஐயர், நடுவில் கமல். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் போனில் பேசிக்கொள்கிற காட்சியை நினைத்துப் பாருங்கள். ஒருத்தன் தனியாகப் பேசினால் அதில் ஒரு ஜோக்கும் இல்லை. ஐந்து பேர் சேர்ந்து குழப்புகிறபோது சிரிப்பு தாங்கவில்லை. வாட்ஸ்அப் குரூப் என்ற ஒன்று பிறப்பதற்கு முன்னாலேயே அந்த மனுஷர் அதை எழுதிக் காட்டிவிட்டார்!

அவரால் எழுத முடிந்தது, ஏனென்றால் அவரே ஒரு செட்டுக்குள் வாழ்ந்தவர். கூட்டுக் குடும்பம். அண்ணன் எழுதினதைத் தம்பி நடிக்கிற வீடு. 1979-ல் சேர்ந்த குழு நாற்பது வருஷம் நீடித்தது. நாற்பது வருஷம் சார்! நம்ம அபார்ட்மென்ட் அசோசியேஷன் நாற்பது நாள் சண்டை இல்லாமல் ஓடுமா? சினிமாவில் உச்சத்தில் இருந்தபோதும் மோகன் அந்த மேடையை விடவில்லை. படம் ஒரு தடவை ரிலீஸாகும். நாடகமோ ஒவ்வொரு ஞாயிறும் ரிலீஸ். சிரிக்கிறார்களா இல்லையா என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

இதற்கு நடுவில் ஓவியம் வரைந்தார். வெண்பா எழுதினார். ஒன்றா, இரண்டா? ஆயிரக்கணக்கில்! வெண்பா என்பது தமிழ்ச் செய்யுளிலேயே கறார் பேர்வழி. மற்ற அடிகளில் நாலு சீர், கடைசி அடியில் மூன்றே சீர், தளை தட்டக்கூடாது, முடிகிற சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நாலு வாய்பாட்டில் ஒன்றில்தான் விழ வேண்டும். லேத்தில் கடைகிற உருப்படி மாதிரி... ஒரு அசை கூடினாலும் ரிஜெக்ட்! எல்லோரும் ‘கிரேஸி’ என்று நினைத்த ஆளுக்குள் அளவு பிசகாத ஒரு மெக்கானிக்கல் இன்ஜினீயர் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். சிரிப்பு மூட்டுகிறவனை ‘சீரியஸ் இல்லாதவன்’ என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தைத் தயவுசெய்து இன்னொரு தடவை படிக்கவும். எங்கள் சஸ்பென்ஸையே பாருங்களேன். நாலு மாத வாடகையில் நாலு ரூபாய் தவிர ஒரு பைசா பிசகவில்லை.

2018 டிசம்பரில் சீனு மோகன் போனார். ஆறு மாதம்கூட ஆகவில்லை. 2019 ஜூன் 10-ம் தேதி, மாரடைப்பில் கிரேஸி மோகனும் போய்விட்டார். அன்றைக்கு எங்கள் குரூப்பில் சஸ்பென்ஸ் கடி எதுவும் போடவில்லை. வாணி மஹால் வாசலில் ஐந்து பேரும் எடுத்துக்கொண்ட பழைய போட்டோவை மட்டும் போட்டான்.

ஆனாலும் குழு கலையவில்லை. தம்பி பாலாஜி திரும்பவும் மேடை ஏறினார். எழுதியவர் இல்லாத மேடையில், எழுதிய வசனத்துக்கு ஜனங்கள் அதே இடத்தில் சிரித்தார்கள். தம்பிக்கு அந்தச் சிரிப்பு எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

சரி, கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது.

உங்கள் செட்டிலும் ஒரு கிரேஸி இருக்கிறான். இப்போது எங்கேயோ ஒரு ஆபீஸில் டை கட்டிக்கொண்டு, ‘எஸ் சார், நோட்டட் சார்’ என்று மெயில் அடித்துக்கொண்டிருப்பான். அவன் கடிக்கு அங்கே யாரும் சிரிப்பதில்லை. அதனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வதையே நிறுத்திக்கொண்டிருப்பான். இந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவனை மயிலாப்பூருக்கு வரச்சொல்லுங்கள். மாடவீதியை ஒரு சுற்றுச் சுற்றி, ஏதாவது சபாவில் நாடகம் இருந்தால் உள்ளே போங்கள். இல்லாவிட்டால் டீக்கடை போதும். அவனுடைய பழைய பட்டப்பெயரைச் சொல்லி, ரோடே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தமாகக் கூப்பிடுங்கள்.

முதல் கடி கொஞ்சம் துருப்பிடித்துத்தான் வரும். பரவாயில்லை, சிரித்துவையுங்கள். இரண்டாவது நன்றாக இருக்கும்!

டீக்குக் காசு கொடுக்கும்போது மட்டும் ஒரு ரூபாய் பாக்கி வைத்துவிட்டு வாருங்கள்.